எனக்கு மட்டும் அட்டை இல்லை

ஜூன் 9, திங்கள்

எனக்கு அட்டை விட மறுத்துவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதால் முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன்.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. எனக்கு இடப் பக்கத்துக் குழாய் உள்ளே கொழுப்பு படிந்து குறுகிவிட்டது. நம் ஊர்ச் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இப்படிப்பட்டவர்களைத் திரட்டி, காதுக்குப் பின்னால் அட்டையைக் கடிக்கவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு பேசுகிறது, அட்டை கடித்த பிறகு அந்தப் பேச்சு கூடுகிறதா என்பது அவர்களுடைய கேள்வி. பேப்பரில் செய்தி பார்த்த அன்றே போய் நின்றவன் நான். அட்டை விடுவதைப் பற்றி நூலகத்தில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தவனும் நான்.

இன்று காலை உறை பிரித்தார்கள். பெட்டி நிறைய ஒரே மாதிரி ஒட்டிய உறைகள். எனக்கு முன்னால் நின்றவர் மீரான் கனி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அட்டையைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. அவர் உறையில் ‘அட்டை’ என்று இருந்தது. என் உறையில் ‘ஒப்பீடு’ என்று இருந்தது. ஒப்பீடு என்றால் கழுத்துப் பயிற்சியும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையும். அவ்வளவுதான்.

“மாத்தி எடுத்துக்கிடலாமாம்மா?” என்று கேட்டேன்.

“முடியாதுங்க ஐயா. யாருக்கு எதுன்னு நாங்களா முடிவு பண்ணிரக் கூடாதுன்னுதான் கவரே வச்சிருக்கோம்,” என்றார் டாக்டர் எமிலா. ஆராய்ச்சிக்குத் தலைவி அவர்தான். என் மகளைவிட இளையவர்.

“டிக்கெட் கிழிச்சாச்சு வே. இனி இறங்கத்தான் செய்யணும், மாத்த முடியாது,” என்றார் மீரான் கனி, கேட்காமலே.

அட்டை கடித்துவிட்டது என்று அலறுகிறவர்களை ஊர் பார்த்திருக்கிறது. கடிக்கவில்லை என்று புகார் எழுதும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருக்கட்டும்.

சேர்த்துக்கொள்ளும் முன்பு டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். திடீரென்று ஒரு கண் மட்டும் இருட்டிக்கொண்டு வருகிறதா? கை வலுவிழந்து சாமான் கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா, வார்த்தை வராமல் போகிறதா? “இதுல ஒண்ணு இருந்தாலும் உங்களைச் சேர்க்க முடியாது. நேரா ஆபரேஷனுக்குத்தான் அனுப்பணும்,” என்றார். மூன்றுக்கும் இல்லை என்றேன்.

காலையில் காபி டம்ளர் விழுந்தது வேறு விஷயம். எவர்சில்வரை இப்போதெல்லாம் கண்ணாடி போல வழவழவென்று தேய்த்து அனுப்புகிறார்கள். எந்தக் கையில் நிற்கும்?

ஜூன் 10, செவ்வாய்

வலது செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று போகிறது. வார் தளர்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

செம்பகத்தோடு சண்டை. என் மகள். முழுப் பெயர் செண்பகவல்லி, நான் வைத்தது. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளை மஸ்கட்டில். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான், ஆகவே சண்டைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

திருநெல்வேலியில் ஒரு ரத்தக்குழாய் நிபுணரிடம் மார்ச் மாதம் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பக்கவாதம் வரலாம் என்று அவர் சொன்னார். கழுத்தை அறுக்க நான் என்ன கோழியா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நல்ல பதில் என்று பஸ்ஸில் வரும்போது மெச்சிக்கொண்டேன். செம்பகம் தென்காசி வரும் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மறுபடி ஆரம்பித்தாள்.

“யப்பா, அட்டைதான் உங்களுக்கு இல்லேன்னு ஆயிட்டுல்லா. இனி அந்த டாக்டர்ட்ட போவமா?”

“நான் நல்லாத்தான இருக்கேன்.”

“நேத்து பல்லு விளக்கும்போது பிரஷ் விழுந்துச்சே.”

“அது பிரஷ்ஷு. நானா விழுந்தேன்?”

“ஒங்கட்ட பேசி ஜெயிக்க முடியாதுப்பா.”

உண்மைதான். என்னிடம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. நான் தொலைபேசி லைன்மேனாக இருந்தவன். தினக்கூலியாகக் குழி தோண்டப் போய், கேபிள் இணைப்பதைப் பார்த்துப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டு நிரந்தரமானவன். யார் வீட்டிலிருந்தாவது போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், முதலில் கம்பத்தில் ஏறிச் சோதனைக் கருவியை மாட்டிக் காது வைத்துக் கேட்பேன். சத்தம் வந்தால் போதும். கீழே இறங்கி, “லைன் சரியா இருக்கு. ஒங்க போன்லதான் கோளாறு,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவேன். என் பகுதியில் கோளாறு எல்லாம் வீட்டுக்காரர்களுடையதுதான். லைன் எப்போதும் சரி. இதற்காக மேலதிகாரியிடம் பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

அதே முறையில் இன்று என்னைச் சோதித்தேன். கையை நீட்டினேன், நீண்டது. மடக்கினேன், மடங்கியது. லைன் சரி.

ஜூன் 16, திங்கள்

மீரான் கனிக்கு இன்று முதல் அட்டை. எனக்குப் பயிற்சி. ஒரே கட்டடம். அவருக்கு உள்ளே மின்விசிறி உள்ள அறை. எனக்கு வெளியே பெஞ்சு. தலையை இடப் பக்கம் திருப்பு, வலப் பக்கம் திருப்பு என்றாள் ஒரு பெண். இதைச் சாலையைக் கடக்கும்போதே செய்கிறேனே என்றேன். சிரித்தாள். ஆனால் விடவில்லை.

மீரான் கனி சாயங்காலம்தான் வெளியே வந்தார். காதுக்குப் பின்னால் பெரிய கட்டு. கல்யாண வீட்டில் மாலை வாங்கியவர் மாதிரி கழுத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“எப்படி வே இருந்துச்சு?”

“முதல்ல சுருக்குன்னு எறும்பு மாதிரி. பொறவு ஒண்ணுமே தெரியல. தூங்கிட்டேன் வே. அது குடிச்சு முடிச்சுத் தானா விழுந்துட்டுது. நம்ம வண்டில ஏறுன குடிகாரப் பயலுவளைவிட ஒழுங்கு. நிறுத்தம் வந்ததும் இறங்கிருது.”

“அதுக்கு எதுக்கு இம்புட்டு நேரம்?”

“கட்டு போட்டுப் பக்கத்துலயே உக்கார வச்சிருந்தாவ. ஒரு நர்ஸம்மா வந்து வந்து பாத்துட்டே இருந்துச்சு.”

மரியாதைக்காக உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது. எழுபத்திரண்டு வயதில் இன்னொருவரின் அட்டையைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

பேனா மட்டம். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. நேற்று எழுதியது சரியாகத்தானே இருக்கிறது, அதே பேனாதானே என்று செம்பகம் கேட்டாள். மை தீரும் நேரத்தில் இப்படித்தான் ஆகும் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் எமிலாவிடம் நேரில் புகார் செய்தேன்.

“நான் என்ன குத்தம் செஞ்சேன்னு என்னைய அட்டை இல்லாத கூட்டத்துல போட்டிய?”

“ஐயா, எல்லாருக்கும் அட்டை விட்டா, அட்டையால சரியாச்சா, இல்ல சும்மா நாள் போனதுல சரியாச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்க இருக்கிறதாலதான் அவருக்கு நடக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு.”

“அப்ப நான் சும்மா இருக்கத்தான் வந்திருக்கேன்.”

“ரொம்ப முக்கியமான சும்மா, ஐயா.”

கெட்டிக்காரப் பெண். கோபப்பட முடியவில்லை. என்றாலும் கோபத்தை விட்டுவிடவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

போன வாரம் எடுத்த என் மூளைப் படத்தைக் காட்டினார். புள்ளி புள்ளியாக இருந்தது. புள்ளிகளைச் சேர்த்து வண்ணக் கோடுகள். சேர்ந்து வேலை செய்கிற பகுதிகளுக்கிடையே கோடு வருமாம். “டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி,” என்றேன். “கிட்டத்தட்ட அப்படித்தான் ஐயா,” என்றார். அந்தக் ‘கிட்டத்தட்ட’வை நான் சான்றிதழாக எடுத்துக்கொண்டு ட்ரங்க் லைன், ஜங்ஷன் பெட்டி, ஒரு லைனில் இன்னொரு லைன் பேச்சு கேட்பது என்று வெகுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

படத்தில் வலப் பக்கம் கோடு அடர்த்தியாக இருந்தது. இடப் பக்கம் நம் பழைய பஸ் நிலையம் மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது.

“மிஷின்ல கோளாறு போல,” என்றேன்.

டாக்டர் படத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். “மிஷின் சரியாத்தான் இருக்கு. ஐயா, நான் அன்னைக்குக் கேட்ட மூணு கேள்வி ஞாபகம் இருக்கா? மறுபடி கேக்கட்டுமா?”

“அதுக்குத்தான் அன்னைக்கே பதில் சொல்லிட்டேன்லா.”

“அடுத்த தடவை மகளையும் கூட்டிட்டு வரீங்களா?”

“அவளுக்கு லீவு கெடையாது,” என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

அவர்கள் தராவிட்டால் என்ன, அட்டை அரசாங்கச் சொத்தா? குளத்தில் இல்லாததா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நின்றேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மீரான் கனி கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கூப்பிட்டது நான்தான். அட்டை கண்ட ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

“வே நயினாரு, ஒமக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? ஏறி வாரும்.”

“கடிச்சதும் வாரேன்.”

“காலை ஆட்டும் வே. மாடு கலக்குத மாதிரி கலக்கணும். அப்பதான் வரும்.”

கலக்கினேன். பக்கத்தில் எருமைகள் கிடந்தன. அவற்றின் தொடையில் அட்டை தொங்குவது எனக்கே தெரிந்தது. என்னிடம் ஒன்று வரவில்லை. நின்றேன், நடந்தேன், உட்கார்ந்தும் பார்த்தேன். ஒரு மீன் மட்டும் வந்து கால்விரலைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

“ஒம்ம ரத்தம் அதுக்குப் பிடிக்கல போல,” என்றார் மீரான் கனி. “என் ரத்தத்தை என்னமா குடிச்சுது தெரியுமா.”

அட்டைகளும் தங்களுக்குள் உறை பிரித்து என்னை ஒப்பீட்டில் போட்டுவிட்டன போலிருக்கிறது.

கரை ஏறும்போது வலது கால் சேற்றில் புதைந்து வர மறுத்தது. மீரான் கனி கை கொடுத்து இழுத்தார். அந்த இடத்தில் சேறு அதிகம்.

ஜூன் 25, புதன்

பேப்பரில் அச்சு மோசம். படித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து திரை இறங்குகிற மாதிரி இடக் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கறுத்துப்போனது. காபி ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. மேகம் மறைத்திருக்கும். வலக் கண்ணுக்கு ஏன் மறைக்கவில்லை என்பதை யோசிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அட்டை கிடைத்துவிட்டது. எருமை குளிப்பாட்ட வந்த மாடத்தி, எருமைத் தொடையில் இருந்த ஒன்றை எச்சில் துப்பிப் பிய்த்துக் கொடுத்தாள். “மருந்துக்கா அண்ணாச்சி? எங்க மாட்டுக்கு எதுவும் ஆகாதுல்லா?” என்று கேட்டாள். மாட்டுக்கு என்ன ஆகும் என்றேன். எனக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி விட்டிருக்கிறேன். நல்ல அட்டை, விஷ அட்டை என்று இரண்டு வகை உண்டு என்று புத்தகம் சொல்கிறது. நிறம், கோடு, உடம்பு பருத்த விதம் எல்லாம் பார்த்துப் பிரிக்க வேண்டுமாம். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தேன். இது நல்ல அட்டை என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது இது ஒன்றுதான்.

செம்பகம் கேட்டதற்கு, மீன் குஞ்சு என்றேன்.

“யப்பா, அது மீனா?”

“வளரும்போது மாறும்.”

ஜூன் 30, திங்கள்

செம்பகம் ஆபீஸ் போய்விட்டாள். காதுக்குப் பின்னால் முடியை மழித்துக் கழுவியாயிற்று. கண்ணாடி வைத்தாயிற்று. இனி என் கையில்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். சித்த நிலையம் அல்ல, பெரிய ஆஸ்பத்திரி. பேனா மீரான் கனியுடையது. நல்ல பேனா. எழுத்து கோணுகிறது.

நடந்ததை எழுத வேண்டும்.

அட்டை கடித்தது. ஒரு வழியாக ஒரு பிராணி என்னை ஏற்றுக்கொண்டது என்று சந்தோஷமாக இருந்தது. குடித்துவிட்டு விழுந்தது, எடுத்துப் பாட்டிலில் விட்டேன். பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு, மத்தியானம் வரச் சொல்லியிருந்த மீரான் கனிக்குக் காட்டலாம் என்று சாய்வு நாற்காலியில் படுத்தேன். பஞ்சு நனைந்தது. மாற்றினேன். துண்டு நனைந்தது. மடித்து வைத்தேன். அட்டை தன் எச்சிலால் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, புத்தகத்தில் படித்தேன். ரத்தம் உறையாமல் இருக்கத்தான் எனக்கும் தினம் மாத்திரை தருகிறார்கள்; சீட்டில் படித்தேன். இரண்டையும் தனித்தனியாக நன்றாகப் படித்திருந்தேன். சேர்த்துப் படிக்கவில்லை. மீரான் கனியைச் சாயங்காலம் வரை உட்கார வைத்தது மரியாதைக்காக இல்லை.

வரச் சொன்னபடி மீரான் கனி வந்தார். வாசலிலேயே “யா அல்லா” என்றார். என் போனை எடுத்துச் செம்பகத்துக்குப் பேசினார். பிறகு ஒரு வேட்டியைக் கிழித்து என் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். என் நல்ல வேட்டி. சொல்ல நினைத்தேன், வாய் கனமாக இருந்தது.

செம்பகம் ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து முன்னால் மண்டியிட்டாள். பயப்படாதே என்று சொல்வதற்காக அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

“கம்பம்,” என்றேன்.

“என்னப்பா? எந்தக் கம்பம்?”

திருத்த வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கம்பம். அவள் முகம் தெரிகிறது. பிறந்த அன்று இருந்த முகம்கூட ஞாபகம் வருகிறது. பெயர் இருந்த இடத்தில் கம்பம் நிற்கிறது. கையால் அவள் தலையைத் தொட்டுச் சொல்லிவிடலாம் என்று வலக் கையைத் தூக்கினேன். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். கை மடியில் கிடந்தது.

டம்ளர் இல்லை, பிரஷ் இல்லை, பேனா இல்லை, சேறு இல்லை. கையில் ஒரு சாமானும் இல்லாமல் கை விழுந்து கிடந்தது. பழி போட எதையாவது தேடினேன். பக்கத்தில் மீரான் கனிதான் நின்றார்.

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றபோது விரல் அசைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பெயர் வந்துவிட்டது. “செம்பகம்,” என்றேன். “செம்பகம், செம்பகம்.” ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “இருக்கேன்ப்பா, இருக்கேன்ப்பா,” என்றாள்.

காயத்தில் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். சாயங்காலம் டாக்டர் எமிலா தேடி வந்தார். திட்டுவார் என்று தயாராகப் பதில் வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதே மூன்று கேள்வியைக் கேட்டார். கண் இருட்டியதா, கை விழுந்ததா, வார்த்தை போனதா.

நான் வாயைத் திறப்பதற்குள் செம்பகம் பேசினாள். “கை விழுறது பொங்கல்ல இருந்தே இருக்கு டாக்டர். வழுக்குது வழுக்குதுன்னு சொல்லுவாங்க. சொரசொரப்பா இருக்கிற டம்ளரா பாத்துப் பாத்து மாத்தி வச்சேன். செருப்பும் ஒட்டுற பட்டி வச்சதா வாங்குனேன். எல்லாமா யப்பா வழுக்கும்?”

வீட்டில் டம்ளர்கள் மாறிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. புது டம்ளரும் மட்டம் என்று ஒவ்வொரு தடவையும் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

“ஐயா,” என்றார் டாக்டர், “அட்டை பலன் தருதான்னே எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும். தந்தாலும் உங்க குழாய்ல இருக்கிற அடைப்பைக் கரைச்சிரும்னு நான் சொல்லவே இல்ல. அன்னைக்கே நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கவர் பெட்டிப் பக்கமே உங்களை விட்டிருக்க மாட்டேன்.”

“அப்ப எனக்கு எப்படியும் அட்டை இல்லையா?”

“இல்ல ஐயா.”

“ஆமான்னு சொல்லிருந்தாலும் இல்ல, இல்லைன்னு சொன்னாலும் இல்ல.”

“ஆமா ஐயா.”

மீரான் கனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று முதலில் நினைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் செம்பகம் இட்லியைப் பிய்த்து ஊட்ட வந்தாள். நானே சாப்பிட்டேன். பாதி மடியில் விழுந்தது.

“இட்லி வழுக்கலாயிருக்கு,” என்றாள் அவள்.

நான் எப்போதும் சொல்லும் வரியை அவள் சொல்லிவிட்டாள். சிரிப்பதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த இட்லித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

கம்பத்தில் ஏறி இறங்கிய காலத்தில், “லைன் சரி” என்று நான் சொன்னதும் வீட்டுக்காரர்கள் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். திரும்பிப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். இட்லியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கோளாறு லைன்லதான்,” என்றேன்.

“எந்த லைன்லப்பா?”

“திருநெல்வேலி டாக்டருக்குப் போனைப் போடு.”

ஜூலை 4, வெள்ளி

திருநெல்வேலிக்கு மாற்றிவிட்டார்கள். நிபுணர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “கோழி இல்லைன்னு சொல்லிட்டுப் போனவர்தானே?” என்றார். ஞாபக சக்தி உள்ள மருத்துவர். அவருடைய குழாய்கள் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

நாளைக் காலை அறுவை. காதுக் காயம் காய்ந்துவிட்டது, மாத்திரைக் கணக்கெல்லாம் பார்த்துவிட்டார்கள். கழுத்தைத் திறந்து, குழாயைக் கீறி, உள்ளே படிந்ததை வழித்தெடுத்துவிட்டுத் தைத்துவிடுவார்களாம். கேபிள் இணைப்பு மாதிரிதான். நான் விளக்க ஆரம்பித்தேன். நர்ஸ் வேலை இருப்பதாகப் போய்விட்டாள். அறுவையின்போதே பக்கவாதம் வரவும் சிறு வாய்ப்பு உண்டு என்று நிபுணர் மறைக்காமல் சொன்னார். செம்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் நன்றாகவே வேலை செய்தது. அவள் பிடித்தது வலித்தது.

அட்டை விஷயத்தில் என் புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நாளைக்கு முன்பு சில வேலைகளை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். தகராறு வரக் கூடாது.

டாக்டர் எமிலா ஆராய்ச்சி முடிவை வெளியிடும்போது, ஒப்பீட்டுக் கூட்டத்தில் ஒருவர் நடுவில் விலக்கப்பட்டார் என்பதை விடாமல் குறிப்பிட வேண்டும். காரணத்தை விவரமாக எழுத வேண்டியதில்லை. எருமையைப் பற்றி எழுதவே கூடாது. இனிச் சேர வருகிறவர்களிடம் அந்த மூன்று கேள்வியை ஆளிடம் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது; வீட்டில் டம்ளர் கழுவுகிறவரிடமும் கேட்க வேண்டும். இதை என் கண்டுபிடிப்பு என்று போட்டாலும் ஆட்சேபணை இல்லை.

மீரான் கனி தன் முறை அட்டையை ஒழுங்காக முடிக்க வேண்டும். நடுவில் என்னைப் பார்க்கவென்று ஓடி வந்து ஆராய்ச்சியைக் கெடுக்கக் கூடாது. முடித்துவிட்டு வரட்டும். வரும்போது ஒரு வேட்டி கொண்டுவர வேண்டும். அவர் கிழித்தது கரை போட்டது.

மாடத்தியிடம் யாராவது, மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். பாவம், கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் உள்ளதைக் குளத்தில் விடக் கூடாது, உப்புப் போட்டுப் புதைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். செம்பகம் செய்வாள். செய்யும்போது மீன் என்று நான் சொன்னதை ஞாபகப்படுத்திச் சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு.

டம்ளரை இனி மாற்ற வேண்டாம்.

நாளை நான் கண் விழிக்கும்போது செம்பகம் முன்னால் வந்து நிற்க வேண்டும். தன் பெயரை அவளாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. டாக்டர், நர்ஸ் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. காப்பியடித்துப் பாஸ் செய்ய எனக்கு விருப்பமில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

நான் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அது என் வேலை.

வராமல் கம்பம் என்றே வந்தாலும், அவள் “என்னப்பா” என்று பக்கத்தில் வர வேண்டும். அது அவள் வேலை.